நடுங்கும் கைக்குக் குடிகாரப் பட்டம்: தங்கம் தேடுவோர் உடலில் தங்கும் பாதரசம்

போடிமெட்டு மலைச்சரிவில் தங்கச் சுரங்கம் எதுவும் இல்லை. விடியுமுன் போடிநாயக்கனூரிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி, கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர்கள் பாதரசத்தைக் கையாள்பவர்களும் அல்லர். எனினும் தங்கம் தேடுவோரின் பாதரச நோயைக் குறித்து இந்தச் சரிவிலிருந்தே பேசத் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்துவிட்டு இறங்கும் தொழிலாளிக்குத் தலை சுற்றுகிறது, கை நடுங்குகிறது, பார்வை மங்குகிறது. பெண்ணாயின் இரத்தசோகை என்றும், ஆணாயின் குடி என்றும் அதற்கு எளிதாகப் பெயர் சூட்டப்படுகிறது. செய்யும் வேலை என்னவென்ற கேள்வி மருத்துவச் சீட்டில் இடம்பெறுவதே இல்லை. தங்கம் தேடுவோருக்கும் இதே நிலைதான். அவர்களுடைய நோய்க்கு மருத்துவ நூல்களில் பெயர் இருக்கிறது. அப்பெயரை அவர்களுடைய சீட்டில் எழுதுவதற்குத்தான் ஆள் இல்லை. இந்த இடைவெளி எப்படி உருவாகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தங்கமும் பாதரசமும்

பாறைத் தூளிலும் ஆற்று மணலிலும் தங்கம் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாகக் கலந்திருக்கும். அரைத்த கல்லுடன் நீரையும் பாதரசத்தையும் சேர்த்துப் பிசைந்தால், பாதரசம் தங்கத் துகள்களைப் பற்றிக்கொண்டு வெள்ளிநிற உருண்டையாகத் திரள்கிறது. இதனை இரசக்கலவை என்பர். துணியில் இட்டுப் பிழிந்து மிகைப் பாதரசத்தை நீக்கிய பின்னும், அந்த உருண்டையில் ஏறத்தாழப் பாதி பாதரசமே எஞ்சியிருக்கும். அதனை நெருப்பில் காய்ச்சினால் பாதரசம் ஆவியாகிப் போக, தங்கம் மிஞ்சும். பெரிய இயந்திரமோ பெருமுதலோ தேவையில்லாத முறை என்பதால்தான் ஏழைகள் இதனை நாடுகின்றனர்.

உலகில் 1 கோடிக்கும் மேற்பட்டோர் சிறு அளவில் தங்கம் எடுத்துப் பிழைக்கின்றனர். அவர்களுள் பெண்களும் சிறுவர்களும் பல இலட்சம் பேர். உலகத் தங்க உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இவர்களது உழைப்பு. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 2018ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, மனிதச் செயல்களால் காற்றில் கலக்கும் பாதரசத்தில் 38 விழுக்காடு இந்தத் தொழிலிலிருந்து வருகிறது. நிலக்கரியை எரிப்பதால் வெளியாவது இதற்கு அடுத்த நிலையிலேயே உள்ளது.

தமிழ்நாட்டில் இத்தொழில் நடக்கும் இடம் நீலகிரி மாவட்டத்துத் தேவாலாவும் பந்தலூரும். 1880ஐ ஒட்டிய ஆண்டுகளில் இலண்டனில் பல நிறுவனங்கள் பங்குகளை விற்று இங்கே சுரங்கங்களைத் தோண்டின. எதிர்பார்த்த தங்கம் கிடைக்காமல் சில ஆண்டுகளிலேயே சரிந்தன. முதலீட்டாளர்கள் வெளியேறினர், குழிகளும் குகைவழிகளும் எஞ்சின. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பின் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்கள் இப்பகுதியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர், ஒரு நூற்றாண்டுக்கு முன் பஞ்சத்தாலும் சாதிக் கொடுமையாலும் தமிழக மாவட்டங்களிலிருந்து கடல் கடந்த ஒடுக்கப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள். தேயிலைக் கூலி போதாதபோது அவர்களுள் சிலரும், பழங்குடி மக்களுள் சிலரும், வெள்ளையர் விட்டுச்சென்ற குழிகளில் கல் தேடி இறங்கினர். மண் சரிந்தும் மூச்சுத் திணறியும் நிகழ்ந்த சாவுகள் செய்தித்தாள்களில் இடம்பெற்றுள்ளன. அங்கே எடுத்த கல்லை அரைத்து, பாதரசம் சேர்த்துக் காய்ச்சுவோரின் உடலில் நிகழ்வது செய்தியாவதில்லை. குழிச்சாவு ஒரே நாளில் நிகழ்கிறது. பாதரசம் ஆண்டுக்கணக்கில் வேலை செய்கிறது.

உடலுக்குள் நடப்பது என்ன?

பாதரசத்தைத் தொட்டாலோ தவறி விழுங்கினாலோதான் ஆபத்து என்று பலரும் நம்புகின்றனர். உலோக நிலையிலுள்ள பாதரசம் குடலில் மிகச் சிறிதளவே உறிஞ்சப்படுகிறது. பேராபத்து அதன் ஆவியில் இருக்கிறது. அந்த ஆவிக்கு நிறம் இல்லை, மணமும் இல்லை. மூச்சில் உள்ளிழுக்கும் ஆவியில் ஏறத்தாழ 80 விழுக்காடு நுரையீரல் வழியே இரத்தத்தில் கலந்துவிடுகிறது. பிற நச்சுகள் பலவற்றைத் தடுத்து நிறுத்தும் மூளையின் பாதுகாப்புத் தடையைப் பாதரச ஆவி எளிதாகக் கடக்கிறது. கருவுற்ற தாயின் நஞ்சுக்கொடியையும் கடந்து சிசுவை அடைகிறது. மூளைக்குள் அது வேதிமாற்றம் அடைந்து வெளியேற இயலாத வடிவில் சிக்கிக்கொள்கிறது. உடலின் பெரும்பங்கு பாதரசம் சிறுநீரகங்களில் சேர்கிறது.

முதலில் வருவது விரல்நுனி நடுக்கம். பின்னர் இமைகளும் உதடுகளும் நடுங்கும். பொருளை எடுக்கக் கை நீட்டும்போது நடுக்கம் கூடும், கையெழுத்து சிதையும். ஈறு வீங்கி இரத்தம் கசியும், எச்சில் மிகும், பல் ஆடும். உறக்கம் கெடும், நினைவு தவறும். இவற்றோடு மனநிலையும் மாறுகிறது: காரணமற்ற கூச்சம், திடீர்ச் சினம், மனச்சோர்வு, பிறர் முன் நிற்க அச்சம். சிறுநீரில் புரதம் கசிவது சிறுநீரகம் சேதமுறுவதன் அடையாளம்.

காய்ச்சுபவர் மட்டும் பாதிக்கப்படுவதில்லை. சட்டத்திற்கு அஞ்சி வீட்டுக்குள் மறைவாகக் காய்ச்சும்போது, சமையல் அடுப்பே உலையாகிறது. ஆவி சுவரிலும் கூரையிலும் துணியிலும் படிந்து, அறை வெப்பத்திலேயே மீண்டும் மீண்டும் எழுகிறது. தரைக்கு அருகில் தவழும் குழந்தையும், அடுப்படியில் நெடுநேரம் இருக்கும் பெண்ணும் அதனைச் சுவாசிக்கின்றனர். உலக நலவாழ்வு நிறுவனத்தின் வழிகாட்டலின்படி, ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரியாகப் பாதரசம் 1 மைக்ரோகிராமுக்கு மேல் இருத்தல் ஆகாது. மூடிய அறையில் ஒருமுறை காய்ச்சினாலே அந்த அளவு பன்மடங்கு மீறப்படும்.

கழுவி ஊற்றும் பாதரசம் மண்ணிலும் நீரிலும் கலக்கிறது. நீரடிச் சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதனை மெத்தில் பாதரசமாக மாற்ற, அது சிறு மீனிலிருந்து பெரு மீனுக்கும், மீனிலிருந்து மனிதருக்கும் பெருகிச் செல்கிறது. 1956இல் ஜப்பானின் மினமாட்டாவில் வெளிப்பட்ட பேரழிவு, ஒரு வேதித் தொழிற்சாலை கடலில் கலந்த மெத்தில் பாதரசத்தால் நேர்ந்தது. பந்தலூர் மலைகளின் நீர் பாண்டியாறு–புன்னம்புழாவாகக் கேரளத்து நிலம்பூர் நோக்கி இறங்கிச் சாலியாற்றில் சேர்கிறது. மலையில் ஊற்றப்படும் பாதரசம் மாநில எல்லையை அறியாது.

மறையும் சான்று

இங்கே மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் மனத்தில் கொள்ளவேண்டிய அறிவியல் உண்மை ஒன்று உண்டு. ஆவியால் நேர்ந்த பாதிப்பை அளக்கச் சிறந்த வழி சிறுநீர்ச் சோதனை. மீன் வழியே வரும் மெத்தில் பாதரசத்தை அறிய இரத்தத்தையும் தலைமுடியையும் சோதிக்க வேண்டும். தவறான சோதனையைச் செய்தால் தவறான ஆறுதலே கிடைக்கும். சரியான சோதனைக்கும் காலக்கெடு இருக்கிறது. உடலிலுள்ள பாதரசம் ஏறத்தாழ இரண்டு மாதங்களில் பாதியாகக் குறைகிறது. அடுத்த இரண்டு மாதங்களில் அதிலும் பாதி. வேலையை விட்டு ஓராண்டு கழிந்தவரின் சிறுநீரில் பாதரசம் ஏனையோர் அளவுக்கு இறங்கிவிடலாம். ஆனால் சேதமுற்ற நரம்பு அதே வேகத்தில் மீள்வதில்லை. சான்று வெளியேறிவிடுகிறது, நோய் உள்ளேயே இருக்கிறது.

எனவே ‘சோதித்தோம், பாதரசம் இல்லை’ என்ற வாக்கியத்தைக் கேட்கும்போது, எப்போது சோதித்தீர்கள் என்பதே நமது முதற்கேள்வியாக இருக்கவேண்டும். இதன் பொருளை உணர நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. போடியிலிருந்து வடகிழக்கே தெரியும் பழனி மலைத்தொடரின் மேலே கொடைக்கானல் இருக்கிறது.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலை 1980களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்குப் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டது. பாண்ட்ஸ் நிறுவனம் தொடங்கிய அத்தொழிற்சாலை பின்னர் இந்துஸ்தான் லீவர் வசமாயிற்று. உள்ளூர் இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் அங்கே கண்ணாடிக் குழாய்களில் பாதரசம் நிரப்பும் வேலையில் சேர்ந்தனர். 2001 மார்ச்சில், பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி 7 டன்னுக்கும் மேலாக மூஞ்சிக்கல் பகுதியின் பழைய இரும்புக் கடையில் குவிந்திருப்பதை ஊர் மக்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் வெளிக்கொணர்ந்தனர். தொழிற்சாலை மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. தொழிற்சாலையை ஒட்டிய பாம்பார் சோலையின் நீர் கும்பக்கரை வழியே தேனி மாவட்டத்துக்குள் இறங்குகிறது.

கழிவுக்குத் திரும்பிச் செல்ல ஒரு கப்பல் கிடைத்தது. தொழிலாளர்களோ தம் நோயை நிறுவப் பதினைந்து ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. தொழிலாளர் உடல்நலத்துக்குத் தீங்கு நேரவில்லை என்பதே நிறுவனத்தின் நிலைப்பாடு. தொழிற்சாலை மூடி ஆறு ஆண்டுகளுக்குப் பின், 2007இல், சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட வல்லுநர் குழுவின் முடிவு, தொழிலாளரின் அப்போதைய உடல்நிலையை முந்தைய பாதரச வெளிப்பாட்டோடு இணைக்கப் போதிய சான்று இல்லை என்றது. சான்று மறையும் நோயில், ஆறு ஆண்டுகளுக்குப் பின் சான்று கேட்பதன் விளைவை நாம் விளக்கவேண்டியதில்லை. 2011இல் ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகத்தின் குழு மாறான முடிவுக்கு வந்தது: முன்னாள் தொழிலாளர்கள் மட்டுமன்றி அவர்களுடைய குழந்தைகளும் பாதிக்கப்பட்டதற்கு முதல்நோக்கில் போதிய சான்று உண்டு என அது கூறியது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு கையெழுத்தாயிற்று. அதையும் மனிதாபிமான அடிப்படையிலான உதவி என்றே நிறுவனம் விவரித்தது. பணம் வந்தது, ‘நோய்’ என்ற சொல் வரவில்லை.

கொடைக்கானல் தொழிலாளருக்கு வேலைச் சான்றும் வருகைப் பதிவேடும் சங்கமும் இருந்தன. நிறுவனத்தின் பெயர் உலகறிந்ததாக இருந்தது. அவர்களுக்கே இத்தனை ஆண்டுகள் பிடித்தன என்றால், தேவாலாவின் குழிக்குள் பெயரின்றி இறங்கும் ஒருவர் எந்தப் பதிவேட்டைக் காட்டி எந்த நீதிமன்றத்தில் நிற்பார்?

நோய்க்குப் பதில் குணக்குறை

பாதரச நோயின் அறிகுறிகளை மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள்: கை நடுக்கம், தடுமாற்றம், சினம், மறதி, வேலைக்கு ஒழுங்காக வராமை, பிறர் முகம் பார்த்துப் பேசத் தயக்கம். சேரி மக்களைக் குறித்து ஆதிக்கச் சாதி உதடுகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் வசைப்பட்டியலும் ஏறத்தாழ இதுவேதான். குடிகாரன், சோம்பேறி, முரடன், ஒழுங்கற்றவன் என்ற சொற்கள் நோயாளி வருவதற்கு முன்பே மருத்துவமனை வாயிலில் ஆயத்தமாக நிற்கின்றன. மருத்துவர் கெட்ட எண்ணம் கொண்டவராக இருக்கவேண்டியதில்லை. கையில் ஆயத்தமாக ஒரு விளக்கம் இருக்கும்போது, இன்னொன்றைத் தேடும் தேவை அவருக்கு எழுவதில்லை.

குடிப்பவருக்குப் பாதரச நோய் வராது என்று எந்த மருத்துவ நூலும் சொல்லவில்லை. தொழிலாளி குடிப்பவராகவே இருந்தாலும், அவர் உடலிலுள்ள பாதரசத்தை அளக்காமல் விடுவதற்கு அது நியாயமாகாது.

1700இல் இத்தாலிய மருத்துவர் ராமசினி, தொழிலாளர் நோய்களைப் பற்றி எழுதிய நூலில், பொன்முலாம் பூசுவோர் பாதரச ஆவியால் நடுக்கமுற்று நலிவதைப் பதிவு செய்தார். நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு ‘உன் தொழில் என்ன?’ என்பதையும் சேர்க்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியவரும் அவரே. முந்நூறு ஆண்டுகள் கழிந்தும் நமது ஆரம்ப சுகாதார நிலையங்களின் புறநோயாளிச் சீட்டில் அக்கேள்விக்கு இடம் இல்லை. சாதியை உழைப்பாளரைப் படிநிலையாகப் பிரித்து அடுக்கும் ஏற்பாடாகக் கண்டார் அண்ணல் அம்பேத்கர். அந்தப் படிநிலை கூலியை மட்டும் பங்கிடுவதில்லை, நஞ்சையும் பங்கிடுகிறது. நோயாளி எனக் கருதப்படும் தகுதியையும் அதுவே பங்கிடுகிறது.

ஏலத்தோட்டத் தொழிலாளரின் நிலையும் இதனோடு ஒப்பிடத்தக்கது. தோட்டங்களில் பயன்படும் குவினால்பாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்துகள் நரம்புகளுக்கிடையே செய்தி கடத்துதலைக் கட்டுப்படுத்தும் ஒரு நொதியை முடக்குகின்றன. அதனைக் கண்டறியும் இரத்தச் சோதனையையும் உரிய காலத்தில் செய்தால்தான் பயன் உண்டு. நச்சு வேறு, ஆயினும் தாமதத்தால் சான்று அழிவதும், அவ்விடத்தை வசைச்சொல் நிரப்புவதும் இரண்டிலும் ஒன்றே.

சட்டம் என்ன சொல்கிறது?

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் பாதரச நச்சேற்றத்தை அறிவிக்கத்தக்க நோயாகப் பட்டியலிட்டது. அத்தகைய நோயாளியைக் காணும் மருத்துவர் தொழிற்சாலை ஆய்வாளருக்குத் தெரிவிப்பதைக் கடமையாக்கியது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் பாதரசத்தால் வரும் நோய்களைத் தொழில்சார் நோய்களின் அட்டவணையில் சேர்த்தது. சட்ட நூலில் இந்நோய்க்கு இடம் கிடைத்துப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. ஆனால் இச்சட்டங்கள் ஒரு முதலாளியையும் ஒரு தொழிலிடத்தையும் எதிர்பார்த்தன. குழியில் இறங்குபவருக்கு முதலாளி இல்லை. கல்லை வாங்குபவரும் பாதரசம் விற்பவரும் தங்கத்தை எடைபோடுபவரும் எந்தத் தாளிலும் இல்லை. தாளில் வருவது குழியில் பிடிபட்டவரின் பெயர் மட்டுமே, அதுவும் குற்றப் பதிவேட்டில். குற்றவாளியாகக் கருதப்படுபவர் மருத்துவமனையில் உண்மையான தொழிலைச் சொல்லமாட்டார். இவ்வாறு, நோயைக் கண்டறியும் கடைசி வழியையும் குற்றமாக்கல் அடைத்துவிடுகிறது.

பாதரசம் குறித்த மினமாட்டா உடன்படிக்கை 2013இல் ஏற்கப்பட்டு 2017 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018இல் அதற்கு ஒப்புதல் அளித்தது. சிறு அளவிலான தங்கத் தொழிலுக்கென அதில் தனிப் பிரிவே இருக்கிறது. அரைத்த கல் முழுவதிலும் பாதரசம் கலப்பது, திறந்த வெளியில் காய்ச்சுவது, குடியிருப்புகளில் காய்ச்சுவது, பாதரசம் கலந்த கழிவில் சயனைடு சேர்ப்பது ஆகிய நான்கையும் ஒழிக்க நடவடிக்கை எடுக்கச் சொல்கிறது. இத்தொழிலின் அளவு புறக்கணிக்கத்தக்கதன்று எனக் கண்டால், நாடு ஒரு தேசியச் செயல்திட்டம் வகுக்க வேண்டும். அதில் தொழிலாளரின் உடல்நலத்துக்கான திட்டமும், சிறாரையும் கருவுற்ற பெண்களையும் காக்கும் வழிகளும் இடம்பெற வேண்டும். கைது செய்வதோடு அரசின் கடமை முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இந்த உடன்படிக்கையே ஆதாரம்.

நாம் கேட்கவேண்டியவை

முதலாவதாக, தேவாலா, பந்தலூர் பகுதிகளின் அரசு மருத்துவமனைகளில் சிறுநீர்ப் பாதரசச் சோதனைக்கு வழி செய்யப்பட வேண்டும். அதன் முடிவும் நோயாளி சொல்லும் தொழில் விவரமும் காவல்துறைக்குச் செல்லாது என்ற உறுதி எழுத்துவடிவில் அளிக்கப்பட வேண்டும். நோயும் வழக்கும் வெவ்வேறு அறைகளில் இருந்தால்தான் நோயாளி கதவைத் தட்டுவார்.

இரண்டாவதாக, மலைப்பகுதிகளின் எல்லாச் சுகாதார நிலையங்களிலும், போடிமெட்டின் கீழுள்ளவை உட்பட, புறநோயாளிச் சீட்டில் தொழிலுக்கென ஒரு வரி சேர்க்கப்பட வேண்டும். செலவே இல்லாத இச்சீர்திருத்தம் நூற்றுக்கணக்கான நடுக்கங்களின் காரணத்தைத் தேட வழிகாட்டும்.

மூன்றாவதாக, தொழில் நிற்கும் வரையில் உயிர்கள் காக்கப்பட வேண்டும். மூடிய வடிகலனில் காய்ச்சினால் ஆவியின் பெரும்பகுதி குளிர்ந்து மீண்டும் பாதரசமாகத் திரும்பும். காற்றில் கலப்பது மிகவும் குறையும். இது முழுப் பாதுகாப்பு ஆகாது. பாதரசமே இல்லாமல் எடை வேறுபாட்டால் தங்கத்தைப் பிரிக்கும் முறைகளும், அவற்றைவிட மேலாக, குழிக்குள் இறங்கத் தேவையற்ற கூலியும் நிலமும்தாம் நிலையான தீர்வு.

நான்காவதாக, மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் இன்றே தொடங்கக்கூடிய பணி ஒன்று உண்டு: பதிவு செய்தல். யார், எந்த ஆண்டு முதல், எந்த வேலையைச் செய்தார், எங்கே காய்ச்சினார், நடுக்கம் எப்போது தொடங்கியது என்பதை அவருடைய ஒப்புதலுடனும் அடையாளம் வெளிப்படாமலும் எழுதி வையுங்கள். பழைய குடும்ப அட்டை விண்ணப்பத்திலோ வங்கிப் படிவத்திலோ உள்ள கையொப்பத்தை இன்றைய கையொப்பத்தோடு ஒப்பிடுங்கள். நடுக்கம் ஏறிய ஆண்டுகள் அந்தக் கோடுகளில் தெரியும். இவை மருத்துவ முடிவுக்கு ஈடாகமாட்டா. ஆனால் சோதனையைக் கோருவதற்கான அடித்தளம் ஆகும். உடலிலிருந்து பாதரசத்தை வெளியேற்றும் மருந்துகள் உண்டு எனினும், அவை சிதைந்த நரம்பைப் புதுப்பிப்பதில்லை. ஆகவே காலம் தாழ்த்தாமல் ஆவியிலிருந்து விலக்குவதே முதல் சிகிச்சை.

கொடைக்கானல் நமக்குச் சொல்லும் பாடம், சான்றைச் சேர்க்கும் கடமையைப் பிறரிடம் விட்டுவிட்டால் அது காலத்தோடு கரைந்துபோகும் என்பதே. பாதரசம் இரண்டு மாதங்களில் பாதியாகிறது. எழுதிவைத்த சொல் அப்படிக் குறைவதில்லை. தேவாலாவின் குழியிலிருந்து ஏறி வருபவரையும், போடிமெட்டின் ஜீப்பிலிருந்து இறங்கி வருபவரையும் பார்த்து, கை ஏன் நடுங்குகிறது என்று கேட்பதற்கு முன், அந்தக் கை என்ன வேலை செய்தது என்று கேட்போம். கேட்டதைத் தேதியிட்டு எழுதி வைப்போம்.